ராஜாவுக்குப் பொருத்தமான பயிர்

முன்னொரு காலத்தில் மருதவள நாட்டைக் கெங்கபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் யாராவது புகழ்ந்தால் போதும், தலைகால் புரியாது. தினமும் சபைக்கு முதலில் எந்தக் காணிக்கை வருகிறதோ, அதற்கு ராஜாவை ஒப்பிட்டு அரசவைப் புலவர் ஏகாம்பர பண்டிதர் ஒரு பாட்டுப் பாடியாக வேண்டும். மாம்பழம் வந்தால் ராஜா மாம்பழம், யானை வந்தால் ராஜா யானை. அப்படியொரு வழக்கம் அங்கே!

அமைச்சர் மழவராயருக்கு வெகுநாளாக ஓர் ஆசை. அரண்மனைக் கல்விச்சாலையில் இலக்கணம், தர்க்கம், சங்கீதத்தோடு விவசாயமும் சொல்லித்தர வேண்டும். ராஜாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வயலை வாங்கி, மாணவர்களைச் சேற்றில் இறக்கியும்விட்டார். பண்டிதருக்கு வயிறு எரிந்தது. சேறு மிதிப்பதெல்லாம் ஒரு படிப்பா என்று ராஜாவின் காதைக் கடித்தார். ராஜாவும் உடனே மாறிவிட்டார்.

"அமைச்சரே, விவசாயமும் படிப்புதான் என்று நாளைக்குள் நிரூபியும். இல்லாவிட்டால் வயல் நந்தவனமாகும், உம் பதவியும் போகும்."

மழவராயர் நேரே வயலுக்குப் போனார். பயிர் இன்னும் கதிர் விடவில்லை. வரப்பில் வெறித்துப் பார்த்து நின்றவருக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது பாருங்கள், சந்தோஷம் தாங்கவில்லை!

மறுநாள் முதல் காணிக்கை அவருடையது. இரண்டு மண்சட்டிகள், ஒன்றில் குட்டைப் பயிர், மற்றதில் நெடுநெடுவென்று செழித்த பயிர். இரண்டும் கல்விச்சாலை வயலில் வளர்ந்தவை, ராஜாவுக்குப் பொருத்தமானதைப் பண்டிதரே எடுக்கட்டும் என்றார்.

பண்டிதர் யோசிக்கவேயில்லை. குட்டையெல்லாம் அண்டை நாட்டு அரசர்கள், நெட்டைதான் எங்கள் கெங்கபூபதி என்று ராகம் இழுத்துப் பாடினார். ராஜா பூரித்துப்போய் முத்துமாலையைக் கழற்றினார்.

மழவராயர் முன்னால் வந்தார். "மகாராஜா, குட்டையானதுதான் நெல். பண்டிதர் தங்களோடு ஒப்பிட்டது களை. நெல்லுக்குப் போட்ட எருவைத் தின்று கொழுக்கும். நம் மாணவர்கள் பார்த்ததும் பிடுங்கி எறிவார்கள்."

ராஜாவின் முகம் சிவந்தது. பண்டிதர் ராஜாவின் காலில் விழுந்து, சத்தியமாகத் தனக்குத் தெரியாது என்று அழுதார்.

"தெரியாது என்று அவரே சொல்லிவிட்டார், மகாராஜா. யாராவது சொல்லித்தந்திருந்தால்தானே தெரியும்?" என்றார் மழவராயர்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மாலை அமைச்சர் கழுத்துக்குப் போயிற்று, வயல் கல்விச்சாலைக்கே நிலைத்தது. பண்டிதர் நாளை முதல் களையெடுக்க வர வேண்டும் என்று உத்தரவாயிற்று. பிறகு ராஜா குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பாட்டுக்குத் தலையாட்டியவன் நானல்லவா? வயலில் பண்டிதருக்குப் பக்கத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் விடும்."