முறைத் தண்ணீர்

மந்திரி ஆவுடையப்பர் வைத்தியம் படிக்க வந்து சேர்ந்தபோது அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. சொல்லிக்கொடுத்த இசக்கியம்மைக்கோ அவர் மகள் வயதுதான் இருக்கும். ஊரில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மந்திரி அதைச் சட்டை செய்யவில்லை. நல்ல மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. அரண்மனை வாசலில் தருமசாலை ஒன்று வைத்து, நோயென்று வந்து கேட்டவர்களுக்கெல்லாம் மருந்து கொடுத்துவந்தார். கேட்டு, இல்லையென்று திரும்பியவர் ஒருவரும் கிடையாது. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் உண்டு. இருக்கட்டுமே, யாருக்குத்தான் இல்லை.

ஒருநாள் காலை அவர் முகம் வாடி வந்தார்.

"ராஜா புதிதாக ஒன்று கேட்கிறார், அம்மா. இந்த நாட்டில் பிறந்த எல்லோருக்கும் வைத்தியம் பார்ப்பது அரண்மனைப் பொறுப்பு என்று கல்லில் வெட்டிவைக்கலாமா என்கிறார். நாளைக்கு நான் பதில் சொல்ல வேண்டும்."

"என்ன சொல்லப்போகிறீர்?"

"வேண்டாம் என்றுதான். கேட்கிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம். சட்டமாக்கிவிட்டால் அப்புறம் எவன் நன்றி நினைப்பான்? வாசலில் வந்து நின்று அதிகாரம் பண்ணுவான்."

இசக்கியம்மை அரைத்துக்கொண்டிருந்த மருந்தை வழித்து மூடிவைத்தார்.

"ஏரிப் பக்கம் போய்வரலாம், வாரும்."

மந்திரிக்கு எரிச்சல்தான். கேட்டது ஒன்று, இவர் கூப்பிடுவது வேறெங்கோ. ஆனாலும் எழுந்து பின்னால் போனார்.

ஏரிக்குக் கீழே வயல்கள். எந்த வயலுக்கு எப்போது முறையோ, அந்த நேரத்துக்கு மடையைத் திறந்து தண்ணீர் விடுவது நீர்பாய்ச்சி பேச்சிமுத்துவின் வேலை. மந்திரியின் வயலுக்கும் ரொம்ப வருஷமாக அவர்தான் தண்ணீர் விடுகிறார். இவர்கள் போனபோது, செல்லாத்தா என்கிற பெண் தன் துண்டு வயலின் வரப்பில் நின்று அவரை ஏசிக்கொண்டிருந்தாள்.

"நேத்தே வரணும்லா தண்ணி? எங்க போயிருந்தீரு அண்ணாச்சி? நாத்து வாடிக் கிடக்கு."

"தப்புதான் தாயி. இந்தா வந்துட்டுல்லா."

"வந்துட்டாம். என் முறைக்கு நான் வந்து கூவணுமாக்கும்."

தண்ணீர் வயலில் ஏறியது. செல்லாத்தா நல்ல வார்த்தையாக ஒன்றுகூடச் சொல்லவில்லை. குனிந்து தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மந்திரிக்குப் பொறுக்கவில்லை. "தண்ணீர் விட்ட மனுஷருக்கு ஒரு கும்பிடு போட்டாயா?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆள் யாரென்று தெரிந்தது. அதற்காகக் குரலை இறக்கவில்லை.

"எதுக்கு எசமான் கும்பிடணும்? ஏரிக் கரை உடைஞ்சப்ப வீட்டுக்கு ஒரு ஆளு மண்ணு சுமந்தோம். எங்க வீட்டுக்கு நான் சுமந்தேன். இது என் முறைத் தண்ணி."

பேச்சிமுத்து சிரித்தார். "அவ சொல்லுறது நியாயந்தான் எசமான்." சொல்லிவிட்டு அடுத்த மடைக்கு நடந்தார். அந்த நடையில் ஒரு இழுப்பு இருந்தது.

"நில்லும்," என்றார் இசக்கியம்மை. "அந்தக் காலைக் காட்டும்."

"ஒண்ணுமில்ல அம்மா. மடை வெட்டையில மம்பட்டி பட்டது."

சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும் நாற்றம் அடித்தது. பாதம் கறுத்து, அந்தக் கறுப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. மந்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாரம் தவறாமல் அவர் பார்க்கிற ஆள். இத்தனை நாளும் அந்தக் கால் அவர் கண்ணில் படவே இல்லை.

"பட்ட அன்றே வந்திருந்தால் பச்சிலையோடு போயிருக்குமே," என்றார் இசக்கியம்மை. "தருமசாலைக்கு ஏன் போகவில்லை?"

பேச்சிமுத்து மந்திரியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"வாசல் வரைக்கும் ஒருக்கா போனேன் அம்மா. எனக்கு முன்னால ஒருத்தன் எசமான் கால்ல விழுந்து கேட்டுக்கிட்டிருந்தான். ஊருக்கே தண்ணி பிரிச்சு விடுற கை இது. நீட்ட வரல. திரும்பிட்டேன்."

"என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே, பேச்சிமுத்து. உமக்கு இல்லையென்றா சொல்லப்போகிறேன்?"

"சொல்ல மாட்டீக எசமான். அது எனக்குத் தெரியும். ஆனா கேக்கணும்லா."

அவரை இசக்கியம்மை வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள். அன்று மத்தியானமே முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இசக்கியம்மை அறுத்தார். மந்திரி பேச்சிமுத்துவின் தோள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டார். உயிர் தங்கிற்று. ஆனால் வரப்பில் நடந்து பிழைத்த மனுஷருக்கு இனி வரப்பு இல்லை.

மந்திரி கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"இவர் இருக்கிறவரைக்கும் என் வீட்டிலிருந்து நெல் கொடுக்கிறேன், அம்மா."

"அதையும் அவர் உம்மிடம் வந்து கேட்க வேண்டுமா?"

மந்திரி ஈரக் கையைத் துண்டில் துடைத்தார்.

"உம்முடைய தருமசாலை எதில் நடக்கிறது?"

"அரண்மனைக் களஞ்சியத்து நெல்லில்."

"களஞ்சியத்தில் அந்த நெல்லைக் கொண்டுவந்து போட்டது யார்?"

உள்ளே பேச்சிமுத்து மயக்கத்தில் முனகிக்கொண்டிருந்தார். அடுத்து யார் வயலுக்கு முறை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மந்திரி அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கிவிட்டது. அதைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"கல்லில் வெட்டிவிட்டால்," என்றார் மந்திரி கடைசியில், "அந்தச் செல்லாத்தாளைப் போல ஆளாளுக்கு வாசலில் வந்து நின்று ஏசுவார்களே, அம்மா."

இசக்கியம்மை கத்தியைத் துடைத்து உறையில் போட்டார்.

"பேச்சிமுத்து வந்து ஏசியிருந்தால், மந்திரியாரே, இரண்டு காலோடு வீட்டுக்குப் போயிருப்பார்."