ராஜா கிண்டிய பாயசம்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் பொழுது அதிகமாகவும் இருந்த காலத்தில், மகுடகேது என்று ஒரு ராஜா இருந்தார். ஒருநாள் அவருக்குச் சமைக்க ஆசை வந்துவிட்டது. சமையல்காரர்களை விரட்டிவிட்டுத் தம் கையாலேயே ஒரு அண்டா பாயசம் கிண்டினார். சர்க்கரை என்று எண்ணி அவர் அள்ளி அள்ளிப் போட்டது உப்பு. ராஜா கையைப் பிடிக்க யாருக்குத் துணிச்சல்? ருசி பார்ப்பது ராஜ மரியாதை இல்லை என்று அவரும் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பார்த்து, சுங்கவரியைக் குறைக்கச் சொல்லி ஒரு வெள்ளைக்கார வியாபாரி வந்திருந்தான். முதல் கிண்ணம் அவனுக்கு. வாயில் வைத்தான், கண் கலங்கியது, "குட்! குட்!" என்றான். பாவம், வரி குறைய வேண்டுமே!

"அதற்கு என்ன பொருள்?" என்று துபாஷியைக் கேட்டார் ராஜா.

"நல்லது, இனியது, சிறந்தது, உத்தமம்... எல்லாம் அதற்குள் அடக்கம், பிரபு."

ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நம் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? சபையோரே! ஆளுக்கொரு கிண்ணம் குடித்து, பாயசம் எப்படி என்று ஆளுக்கொரு சொல் சொல்லுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னால், பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டே போய்விட வேண்டும்!"

மந்திரி அரியநாயகத்துக்கு விகடகவி கோனேரியைக் கண்டாலே ஆகாது. "மூத்தவர்கள் முதலில் சொல்லட்டும், கோனேரி கடைசியில் சொல்லட்டும், பிரபு" என்று குழைந்தார். கோனேரிக்கோ வீட்டில் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. அவளை எந்த ஊருக்கு நடத்திக் கூட்டிப் போவான்?

"அமிர்தம்!" என்றார் மந்திரி. "தேன்!" என்றார் சேனாபதி. மதுரம், திவ்வியம், அற்புதம், பிரமாதம், பேஷ் என்று மற்றவர்களும் அளந்துவிட்டார்கள். முகமெல்லாம் விளக்கெண்ணெய் குடித்த குழந்தை மாதிரி கோணியது. வாய் மட்டும் கூசாமல் பொய் சொன்னது. கோனேரியின் முறை வந்தபோது புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட மிச்சமில்லை. மந்திரி மீசைக்குள் சிரித்தார்.

கோனேரி ஒரு வாய் குடித்தான்.

"பிரபு, இவர்கள் யாரும் சொல்லாத சொல் ஒன்று இருக்கிறது. உப்பு."

"ராஜ நிந்தனை! இவன் நாக்கை அறுக்க வேண்டும்!" என்று கத்தினார் மந்திரி.

"எப்படி இருக்கிறது என்று மன்னர் கேட்டார், சொன்னேன். புகழச் சொல்லவில்லையே! மந்திரியாருக்கு அமிர்தமாயிற்றே, இன்னொரு கிண்ணம் குடித்துக் காட்டட்டும். குடித்துவிட்டால் நான் இப்போதே நாட்டை விட்டுப் போகிறேன்."

மந்திரி கிண்ணத்தை எடுத்து ஒரு மடக்கு விழுங்கினார். உள்ளே போன வேகத்திலேயே அது வெளியே வந்து சேனாபதியின் பட்டு அங்கவஸ்திரத்தை நனைத்தது.

ராஜா எழுந்து வந்து அண்டாவில் விரலை விட்டு நக்கினார். "தூ! தூ!" என்று துப்பினார். மந்திரியின் முகத்தைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்டா காலியாகும்வரை புகழ்ந்தவர் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. அவரவர் சொன்ன சொல்லைச் சொல்லிச் சொல்லியே குடிக்க வேண்டும்!" என்றார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கோனேரிக்குப் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"பிள்ளை பிறந்ததும் ஊருக்கெல்லாம் பாயசம் ஊற்ற வேண்டும், பிரபு."

"அவ்வளவுதானே! நானே வந்து கிண்டி..."

"ஐயையோ! சமையல்காரரை அனுப்பினால் போதும், பிரபு!"

ராஜா மறுபடியும் சிரித்தார். அண்டாவுக்குப் பக்கத்தில் மந்திரி, "அமிர்தம்... அமிர்தம்..." என்று அழுதுகொண்டே விழுங்கிக்கொண்டிருந்தார்.