நகராத பெட்டிக்கு நாலு செக் வார்த்தை

கரூர்ப் பக்கம் அங்காத்தாளின் தறிக்கூடத்தில் பெட்டி கட்டி அனுப்பும் வேலைக்கு மூன்று பேர் இருந்தார்கள். நாச்சிமுத்து, செங்கோடன், திருமூர்த்தி. மூவருமே சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அதுதான் வினையே.

அங்காத்தாளுக்கு முதன்முதலாக வெளிநாட்டு ஆர்டர் வந்திருந்தது. செக் நாட்டுக்கு மேஜை விரிப்பு. நூல் வாங்க வீட்டையே அடகு வைத்திருந்தாள். பெட்டிகள் சாயங்கால லாரியில் ஏறித் தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்காவிட்டால் ஆர்டரும் போச்சு, வீடும் போச்சு.

பாவம், அன்றைக்குப் பார்த்து அவளுக்குக் கப்பல் ஏஜெண்டைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது.

"பெட்டி மேல 'அனுப்பு'ன்னு செக் மொழியில எழுதணுமாம். இந்தப் போன்ல அகராதி இருக்குது, பார்த்து எழுதுங்க. சரியான வார்த்தை இல்லாட்டிப் பெட்டி இங்கிருந்து நகராது, ஆமா" என்று சொல்லிவிட்டு மொபெட்டில் கிளம்பினாள்.

அகராதியில் இங்கிலீஷ் சொல் ஒன்றுதான். அதற்குச் செக் மொழியில் நாலு இருந்தன. சும்மா அனுப்ப போஸ்லாத், தபாலில் அனுப்ப ஒதெஸ்லாத், தூது அனுப்ப விஸ்லாத், பயணம் அனுப்பி வைக்க விப்ரவித்.

"மேஜை விரிப்பு தூது போகுமா?" என்றான் செங்கோடன்.

"அது பாட்டுக்கு விரிச்சுக் கெடக்கும். தூதுக்கு வாய் வேணுமல்லோ" என்றான் திருமூர்த்தி.

நாச்சிமுத்து மூத்தவன், அதனால் யோசனையும் கொஞ்சம் கூடுதல். "எதுக்கப்பா வீண் பேச்சு? சரியான வார்த்தைன்னாத்தான் நகரும்னு அக்காவே சொல்லீருச்சு. பெட்டிகிட்டச் சொல்லிப் பார்த்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

ஒரு பெட்டியை வாசலில் வைத்தார்கள். "போஸ்லாத்" என்றான் செங்கோடன். பெட்டி அசையவில்லை. எந்தப் பக்கம் காது என்று தெரியாததால் நாலு பக்கமும் போய்ச் சொன்னான். ஒதெஸ்லாத்துக்கும் அசையவில்லை. விஸ்லாத்தைத் திருமூர்த்தி மரியாதையாக, "விஸ்லாத்துங்க" என்று கூடச் சொல்லிப் பார்த்தான்.

நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு "விப்ரவித்" என்றான். அதே நேரம் பெட்டி ஏற்ற ரிவர்ஸில் வந்த லாரி இடித்துப் பெட்டி ஒரு முழம் நகர்ந்தது.

மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. எல்லாப் பெட்டியிலும் விப்ரவித் எழுதினார்கள்.

"ஏப்பா, ஏத்துங்க, நேரமாச்சு" என்றார் டிரைவர்.

"ஏத்தறதுக்கென்ன இருக்குதுங்க? நீங்க முன்னால போங்க, பெட்டிக்கு வழி தெரியாது. பின்னாலயே வந்துரும்" என்றான் நாச்சிமுத்து.

டிரைவர் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். வாடகை வந்தால் சரி என்று காலி லாரியைக் கிளப்பிக் கேட் வரைக்கும் போனவரை எதிரே வந்த மொபெட் மறித்தது. அங்காத்தாள் வாசலைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள். திட்டக்கூட நேரமில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவரோடு சேர்ந்து எல்லாப் பெட்டியையும் ஏற்றினாள். லாரி போனது. கப்பலும் கிடைத்துவிடும் என்றார் டிரைவர். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சோடா ஒன்று குடித்துவிட்டு உள்ளே வந்தால், மூவரும் கூடத்தின் பின்பக்கம் துருப்பிடித்துக் கிடந்த மேற்கு வாசல் கதவை நெம்பிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா பண்றீங்க?"

"தப்பு நடந்துபோச்சுங்க அக்கா" என்றான் நாச்சிமுத்து. "போகச் சொல்லி எழுதீட்டோம். செக் நாடு வந்தா நில்லுன்னு எழுதலீங்க. அது பாட்டுக்குத் தாண்டிப் போயிருமல்லோ?"

"அதுக்கு?"

"உலகம் உருண்டைதானுங்க. கிழக்கு வாசல்ல போனது மேற்கு வாசல்லதான் வரோணும்" என்றான் செங்கோடன். "கதவு சாத்தியிருந்தா முட்டி நசுங்கிப் போகாதுங்களா?"

அதற்குள் திருமூர்த்தி நெம்புவதை விட்டுவிட்டு வெளியே ரோட்டில் இறங்கி நின்று, எதிரே வந்த பால் வண்டிக்காரரைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்: "கொஞ்சம் ஓரமாப் போங்க, எங்க பெட்டி வர்ற வழி."