அஞ்சாம் படுக்கையின் பதிவு

"டீச்சர், நேத்து வரைக்கும் ஏத்துன பதிவெல்லாம் முழுசா வந்துருச்சு. இன்னைக்கு ஏத்துனதைத்தான் காணோம்" என்றார் இருதயராஜ். ஐம்பத்தாறு வயது மனுஷன் திரையைச் சுட்டிக் காட்டினார்.

தாஹிரா அவரைவிட இருபது வயது சின்னவள். இருந்தாலும் அவருக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். டீச்சர் என்றால் டீச்சர்தான்.

இனி மருந்தில்லை என்று ஆஸ்பத்திரி கைவிட்டவர்கள் வந்து கண்மூடுகிற இல்லம் அது. அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல நினைப்பதைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து ஏற்றி வைப்பது இருதயராஜின் வேலை.

"என்னண்ணே செஞ்சீங்க?"

"மத்தியானம் ஏதோ பட்டனைத் தட்டிட்டேன். பதிவுல இருந்த எல்லார் போன் நம்பரும் ஒரே நம்பரா மாறிப்போச்சு. பதறிப்போயி, நேத்து சாயங்காலம் எடுத்த பேக்கப்பைத் தூக்கி அது மேலேயே போட்டுட்டேன்."

"மேலேயேவா?"

"மேலேயேதான்."

"நான் சொல்லிக்கொடுத்தது என்ன?"

"கெட்டுப்போனதையும் முதல்ல ஒரு காப்பி எடுத்து வைக்கணும். பழையதைத் தனியா ஒரு இடத்துல இறக்கிப் பார்க்கணும். அப்புறம்தான் மாத்தணும்."

ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தார், பாவம். காரியத்தில்தான் கோட்டை விட்டார்.

தாஹிரா ஒரு மணி நேரம் தேடினாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"இல்லண்ணே. போயிருச்சு."

"ஒரே ஒரு பதிவுதான் டீச்சர். அஞ்சாம் படுக்கை செண்பகவல்லியம்மா. காலையில மகனுக்காகச் சொன்னாங்க. பதினோரு மணிக்குப் போய்ச் சேந்துட்டாங்க. நாளைக்கு அந்தப் பையன் மஸ்கட்ல இருந்து வர்றான். அவன் முன்னாடி நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

அவள் படுக்கைகள் இருந்த அறைக்கு நடந்தாள். அவரும் பின்னாலேயே போனார்.

அஞ்சாம் படுக்கைக்கு விரிப்பு மாற்றியிருந்தார்கள். பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காலால் நகர்த்திப் போட்டாள்.

"உக்காருங்க."

"இங்கே எதுக்கு?"

"இன்னொரு பேக்கப் இருக்குல்ல. அந்தம்மா பேசும்போது இந்த ஸ்டூல்ல இருந்தது நீங்கதானே?"

"நான்தான்."

"என்ன சொன்னாங்க? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

இருதயராஜ் வாயைத் திறந்தார். காலையில் கால்மணி நேரம் பேசியிருந்தாள் அந்த அம்மாள். அவருக்கு ஞாபகம் வந்ததெல்லாம் மடியில் இருந்த லேப்டாப்பும், பிழையான சொல்லுக்கு அடியில் ஓடிய சிவப்புக் கோடும்தான்.

"மகன் பேரு..."

"அது நேத்தைய பதிவுலயே இருக்குண்ணே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிழை வந்துரக் கூடாதுன்னு திரையையே பார்த்துக்கிட்டு அடிச்சேன் டீச்சர். காதுல விழுந்தது அப்படியே விரல் வழியா இறங்கிப்போச்சு. உள்ளே ஒண்ணும் தங்கலை."

"ஒண்ணுகூடவா?"

விரிப்பைத் தடவினார்.

"ஒண்ணு இருக்கு."

"சொல்லுங்க."

"நடுவுல ரெண்டு தடவை கேட்டாங்க. 'தம்பி, நான் சொல்றது கேக்குதா'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நிமிந்துகூடப் பாக்கலை. 'சொல்லுங்கம்மா, எல்லாம் பத்திரமா ஏறிக்கிட்டு இருக்கு'ன்னேன்."