மூன்று நாள் புரட்டாத சீஸ்

வெள்ளச்சி என்ற ஆடு முகில்பாறை மலைக்குகையில் சீஸ் போட்டுக்கொண்டிருந்தது. பாலைத் திரித்து, தண்ணீரைப் பிழிந்து, உப்புத் தடவி, வட்ட வட்டமாகப் பலகையில் அடுக்கிவிடும். அப்புறம் ஆறு மாதம் தினமும் புரட்டிப் போடவேண்டும். புரட்டாமல் விட்டால் அடிப்பக்கம் வியர்த்து அழுகிவிடும். அந்த வேலை செம்பன் என்ற மலையணிலுடையது.

அது வெறும் சீஸ் இல்லை, உயிர்! வருஷத்துக்கு ஒருமுறை முற்றிய வட்டம் ஒன்றைத் தின்றுவிட்டு, சிறுத்தை ஆடுகளைத் தொடாமல் போய்விடும். சீஸ் சரியில்லையென்றால் வெள்ளச்சியின் குட்டி மின்னியைத் தூக்கிக்கொண்டு போகும். பேச்சு அப்படி.

இந்த வருஷம் பார்த்து அடிவாரத்தில் பலா பழுத்துத் தொலைத்தது. செம்பனுக்குக் கால் தரையில் நிற்குமா? மூன்று நாள் அங்கேயே கிடந்தது. திரும்பி வந்து சிறுத்தைக்கான வட்டத்தைப் புரட்டினால், அடியில் கறுப்பாக, கொழகொழவென்று அழுகல்! மறுநாள் காலையில் சிறுத்தை வந்துவிடுமே!

குகைவாசலில் நின்ற நரி ஒன்று எட்டிப் பார்த்தது.

"இதுக்குப் போயா நடுங்குறே தம்பி? சாம்பலைப் பூசி, அந்தப் பக்கத்தை அடியில வை. யாருக்குத் தெரியும்?"

"வெள்ளச்சி அக்காகிட்ட சொல்லிடட்டுமா?"

"சொல்லு, சொல்லு! அத்தோட உன் வேலை போச்சு!"

மின்னியைச் சிறுத்தை அடித்தால் மிச்ச எலும்பு தனக்கு என்று கணக்குப் போட்டிருந்தது அந்தப் பாவி நரி. செம்பனுக்கு அது உறைக்கவில்லை. சாம்பலைப் பூசிவிட்டது.

காலையில் சிறுத்தை வந்து குகைவாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. மின்னி தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

"வெட்டு! வழக்கம்போல முதல் துண்டு நீ தின்னு. அப்புறம் நான்!" என்றது சிறுத்தை.

"ஆகட்டும் ஐயா. எங்க செம்பன் புரட்டினது, ஒரு குறை இருக்காது" என்றது வெள்ளச்சி.

செம்பனுக்குச் சுருக்கென்றது. வெள்ளச்சி கத்தியை வைத்தது. அதற்கு மேல் செம்பனால் தாங்க முடியவில்லை.

"அக்கா, தின்னாதீங்க! அடியில அழுகிப்போச்சு! நான் மூணு நாளாப் புரட்டலை!"

சிறுத்தை எழுந்தது. "அப்படியா? குட்டியைக் கொண்டா!"

"பொறுங்க ஐயா!" வெள்ளச்சி வட்டத்தைக் கவிழ்த்தது. சாம்பல் பூசியிருந்த அழுகலைப் படபடவென்று சீவி எறிந்தது. நல்லவேளை, இரண்டு விரல் ஆழம்தான்! உள்ளே கெட்டியாக, வெண்ணெய் நிறத்தில் இருந்தது. ஒரு துண்டை மென்று விழுங்கியது.

"நல்லாத்தான் இருக்கு ஐயா. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா முழுசும் போயிருக்கும்."

சிறுத்தை முகர்ந்தது. ஒரு கடி கடித்தது. மெதுவாக மென்றது.

"ருசி சரி. அளவு குறையுதே!"

செம்பன் ஓடியது. மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த தன் பங்குச் சீஸை உருட்டிக்கொண்டு வந்து வைத்தது. சிறுத்தை அதையும் தின்று தீர்த்தது.

"சரி, சாம்பல் பூசுற யோசனை யாரோடது?"

"நரியோடது, ஐயா!"

புதருக்குப் பின்னால் காத்திருந்த நரி எடுத்தது ஓட்டம்! அப்புறம் அந்த மலைப்பக்கம் தலைகாட்டவே இல்லை.

மழைக்காலம் முழுக்கச் செம்பனுக்கு அரைவயிறுதான். ஆனாலும் புரட்டும் வேலையை வெள்ளச்சி வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

செய்த தவற்றை மூடி வைத்தால் அது உள்ளே பரவிக்கொண்டே போகும். காலத்தில் வாய்திறந்து சொன்னால் சிறு நஷ்டத்தோடு தீர்ந்துவிடும்.