கைதான கடற்சுவர்

முன்னொரு காலத்தில், அதாவது மந்திரிகள் தங்களுக்குத் தாங்களே பட்டம் சூட்டிக்கொள்ளப் பழகியிருந்த காலத்தில், கடலோரமாக ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் மன்னர் வாகைமாறர் ஒருநாள் மாலை கடலில் கால் நனைக்கப் போனார். கணுக்கால்வரை நனைத்தால் போதும் என்று கடலுக்கு முரசறைந்து சொல்லியிருந்தார்கள். கடல் இடுப்புவரை நனைத்ததோடு, ஒற்றைப் பாதுகையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"இந்தக் கடலுக்கு மரியாதை தெரியவில்லை. யாராவது கற்றுக்கொடுங்கள்" என்றார் மன்னர்.

தலைமை மந்திரி மேகநாதப் பிரம்மராயர் உடனே கடலுக்குள் நீளும் ஒரு கருங்கல் சுவரை எழுப்பினார். 'சமுத்திர கர்வபங்கப் பெருஞ்சுவர்' என்று ஒரு பெரிய கல்லில் பொறித்து நட்டார். அதில் சுவரின் பெயரைவிட அவருடைய பெயர் பெரிதாக இருந்தது.

சில மாதங்களில் சுவருக்குத் தெற்கே, அரண்மனையை ஒட்டி, மணல் சேர்ந்து விசாலமான கடற்கரை உண்டாயிற்று. "தங்களுக்கு அஞ்சிக் கடல் மணலாகக் கப்பம் கட்டுகிறது, மகாராஜா!" என்றார் பிரம்மராயர். புலவர்கள் அதைப் பாட்டாக்கினார்கள். தொண்டை கட்டிய ஒரு புலவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சுவருக்கு வடக்கே மீனவர் குப்பம். அங்கே கரை அரித்து, கட்டுமரம் ஏற்ற இடமில்லாமல், அலை அடுப்படிக்கே வந்துவிட்டது. குப்பத்துத் தலைவர் எல்லப்பன் சபையில் வந்து நின்றார்.

"ராசா, வாடைக் காத்துல கடலு மணல வாரிக்கினு போவும். கோடையில திருப்பிக் குடுத்துடும். எப்பவும் அப்டித்தான். இந்தத் தபா போனது போனதுதான். நேத்து எங்க ஊட்டு உலையில நண்டு தானா வந்து விழுந்துச்சு, ராசா!"

சபை சிரித்தது. பிரம்மராயர் சிரிக்கவில்லை. பழி சுவர்மேல் வரப்போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"மணலை இவர்களே திருடி எங்கோ விற்றுவிட்டு நாடகமாடுகிறார்கள், மகாராஜா. குப்பத்தைக் காலி செய்து காட்டுக்குள் குடியேற்றுங்கள்."

"கட்டுமரத்தோடவா, சாமி?" என்று கேட்டார் எல்லப்பன்.

அரசவை விகடகவி பூவணன் எழுந்தார். "திருடன் வேறு ஆளாக இருந்தால், மந்திரியாரே?"

பூவணனைத் தொலைத்துக்கட்ட வெகுநாளாக வழி தேடிக்கொண்டிருந்தவர் பிரம்மராயர். "அப்படியானால் பௌர்ணமிக்குள் அவனைப் பிடித்து வாரும். முடியாவிட்டால் நீரும் இவர்களோடு காட்டுக்குப் போம்!"

அந்த ராஜ்யத்தில் குற்றவாளி நேரில் நிற்காமல் விசாரணை கிடையாது. ராணியின் பூமாலையைத் தின்ற ஆடுகூடச் சபையில் நின்றுதான் தீர்ப்புக் கேட்டது. ஆகவே மன்னர் ஆணையிட்டார்: "குப்பத்து மணல் யாரிடம் அகப்பட்டாலும், எவ்வளவு பெரிய இடமானாலும், கயிறு போட்டு இழுத்து வந்து நிறுத்து. தடுப்பவர் தலை போகும்." 'எவ்வளவு பெரிய இடமானாலும்' என்பதைச் சேர்க்கச் சொன்னவர் பிரம்மராயர். கேட்கக் கம்பீரமாக இருக்குமாம்.

மறுநாளே பூவணன் குப்பத்து ஆட்களோடு, கயிறும் கடப்பாரையுமாகச் சுவரின் முன் போய் நின்றார். "மன்னர் ஆணைப்படி உன்னைக் கைது செய்கிறேன்" என்றார். சுவர் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. ஆனால் முழுதாக வர மறுத்தது. அதனால் கல் கல்லாகப் பெயர்த்து இழுத்தார்கள். காவலர்கள் தங்கள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு வழிவிட்டார்கள்.

பௌர்ணமியன்று சபை முழுக்கக் கல். மன்னர் ஏணி வைத்துத்தான் சிம்மாசனத்துக்கு ஏற வேண்டியிருந்தது.

"இவர்தான் திருடர், மகாராஜா. மடி நிறைய மணலோடு பிடிபட்டார்" என்றார் பூவணன்.

மன்னர் கற்குவியலைப் பார்த்து, "ஏன் திருடினாய்?" என்று அதட்டினார். பதில் இல்லை. "என்ன திமிர்! கழுவில் ஏற்றுங்கள்!"

"தனியாகவா, மகாராஜா? பெற்ற தகப்பனையும் சேர்த்தா? அவர் பெயர் கல்லிலேயே இருக்கிறது" என்றார் பூவணன்.

பிரம்மராயர் பதறி எழுந்தார். "மகாராஜா! சுவர் ஒரு பாவமும் அறியாதது! ஓரடியாவது நகர்ந்ததுண்டா? அலை நேராகக் கரைக்கு வருவதில்லை, சாய்ந்து வருகிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலையும், நொறுங்கிய சிப்பியையும் தெற்கேயிருந்து வடக்கே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போகிறது. சுவர் சும்மா குறுக்கே நின்றது. மணல் தானாக வந்து தேங்கியது!"

"எங்கே போய்க்கொண்டிருந்த மணல், மந்திரியாரே?"

"வடக்கே..."

"வடக்கே யார் இருக்கிறார்கள்?"



"நாங்கதான், சாமி" என்றார் எல்லப்பன். "இப்ப நண்டும்."

மன்னர் ஏணியில் இரண்டு படி இறங்கி வந்தார். "அப்படியானால் கடல் எனக்குக் கப்பம் கட்டவில்லையா?"

"இல்லை, மகாராஜா. குப்பத்துக்குப் போன மணல் வழியில் மாட்டிக்கொண்டது. அதைத்தான் புலவர்கள் பாடினார்கள்" என்றார் பூவணன்.

மன்னர் சிரித்த சிரிப்பில் ஏணி சரிந்தது. விழுந்த இடத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னார்: குப்பம் இருந்த இடத்திலேயே இருக்கும். சுவருக்கு ஆயுள் சிறை. சிறைச்சாலையில் இடமில்லாததால் பிரம்மராயரின் மாளிகை முற்றத்தில் அடைக்கப்படும். எந்தக் கல்லும் தப்பி ஓடவில்லை என்று அவர் தினமும் காலையில் சபைக்கு வந்து தெரிவிக்க வேண்டும்.

பிறகு முத்துமாலையைக் கழற்றிப் பூவணன் கழுத்தில் போட்டு, "இன்னும் என்ன வேண்டும்?" என்றார்.

"பெயர் பொறித்த கல் மட்டும், மகாராஜா."

கோடை வந்தது. மணலும் குப்பத்துக்குத் திரும்பி வந்தது. கட்டுமரங்கள் கரையேறின, நண்டுகள் வளைக்குப் போயின. பூவணன் கொடுத்த கல்லை எல்லப்பன் வீட்டு வாசலில் வெயிலில் போட்டு வைத்தார்கள். மேகநாதப் பிரம்மராயரின் பெயர் நல்ல நீளம். அதன்மேல் ஒரு கூடை நெத்திலி தாராளமாகக் காய்ந்தது.