எதில் ஒட்டாது?

"இன்னும் என்ன குறை, மேடம்?" என்று கேட்டார் திருவேங்கடம்.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் வேலையை விட்டுவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர் அவர். ஆய்வகத் தலைவி ஜுலைகா வயதில் இளையவர். இருந்தாலும் குரு குருதான்.

புற்றுநோய்ச் செல்லில் இருக்கும் ஒரு புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்றை, திருவேங்கடம் வருஷக்கணக்கில் மெனக்கெட்டு உருவாக்கியிருந்தார். அது ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரியும். பழுப்பு தெரிந்த நோயாளிக்குத்தான் புது மருந்து என்று ஆஸ்பத்திரி காத்திருந்தது. ஜுலைகா சரி என்றால் அனுப்பிவிடலாம்.

ஜுலைகா மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கட்டி முழுக்க நல்ல பழுப்பு.

"எதுல ஒட்டாது, சார்?" என்றார்.

திருவேங்கடம் வேறு கட்டிகளைக் கொண்டுவந்தார். மார்பு, கருப்பை, நுரையீரல். எல்லாமே பழுப்பு. ஜுலைகா ஸ்லைடுகளை அவர் பக்கமே தள்ளி வைத்தார்.

"ஒட்டறது தெரியுது. எதுல ஒட்டாது?"

திருவேங்கடத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன பிடிவாதம் இந்த அம்மாவுக்கு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே போனார். அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவையே வெட்டி நீக்கிய செல்களை வளர்த்தெடுத்து, அவற்றின்மேல் தன் ஆன்டிபாடியை விட்டார். பழுப்பே விழாத ஸ்லைடைக் காட்டி ஜுலைகாவின் வாயை அடைத்துவிட வேண்டும் என்ற வீம்பு.

பழுப்பு.

இல்லாத புரதத்தில் எப்படி ஒட்டும்? வேறு எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது. இத்தனை நாளும் அதைப் பார்த்துத்தான் பூரித்துப் போயிருக்கிறார். இதை நம்பி யாரோ ஒருத்திக்கு, அவளுக்கு உதவாத மருந்தை ஏற்றியிருப்பார்கள்.

மறைக்கவில்லை. நேரே போய்ச் சொன்னார். ஜுலைகா ஃப்ரீசர் சாவியை நீட்டினார். முதல் தடவை இந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தபோது திருவேங்கடம் ஒதுக்கிவைத்த மற்ற ஆன்டிபாடிகளெல்லாம் அதற்குள் இருந்தன.

திருவேங்கடம் விடுவதாயில்லை. ஒவ்வொன்றாக எடுத்தார். இந்த முறை கட்டியில் பார்ப்பதற்கு முன்னால், புரதமில்லாத செல்லில் பார்த்தார். பழுப்பு விழுந்ததையெல்லாம் குப்பையில் போட்டார். போடும்போது சிலவற்றுக்காக மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் போட்டார்.

மழைக்காலம் முடியும் சமயம், ஒரு காலையில் இரண்டு ஸ்லைடுகளோடு வந்து நின்றார். ஒன்று, கட்டியில் பழுப்பு விழுந்தது. இன்னொன்று, புரதமில்லாத செல். ஜுலைகா இரண்டாவதைத்தான் முதலில் வைத்தார். ஓரத்திலிருந்து ஓரம்வரை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையே, சார்."

"ஆமா மேடம்," என்றார் திருவேங்கடம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒண்ணுமே இல்லை."